விமானத்துக்கு வைத்த பொட்டு

எங்கள் ஊரில் விமான நிலையம் உண்டு. விமானம் உண்டா என்பது அந்தந்த வருஷத்தைப் பொறுத்தது. லாஸ்பேட்டையில் ஸ்கூட்டரில் போகிறவர்கள் மேலே சத்தம் கேட்டால் இன்றும் வண்டியை ஓரங்கட்டிவிட்டு அண்ணாந்து பார்ப்பார்கள். அப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டு விமான மெக்கானிக் ஆகப்போகிறேன் என்று நான் சொன்னபோது, சாரம் பகுதியில் இருக்கும் பெரியம்மாவுக்கு ஒரே ஒரு சந்தேகம்தான் வந்தது. "அது நடுவழியில நின்னுபோனா நீ எப்பிடிடி போய் ரிப்பேர் பாப்ப?"

இதற்கென்று இருக்கும் கல்லூரிகள் எங்கள் கைக்கு எட்டுகிறவை அல்ல. அப்பா கடலுக்குப் போய்த் திரும்பாதவர். அம்மா கூடையில் மீன் சுமந்து தெருத்தெருவாக விற்பவள். ஆனால் இன்னொரு வழி இருந்தது. ஒரு ஹேங்கரில், அதாவது விமானம் நிறுத்திப் பழுது பார்க்கும் கொட்டகையில், சேர்ந்து வேலை செய்துகொண்டே கற்கலாம். எழுத்துத் தேர்வுகளை ஒவ்வொன்றாக முடிக்கலாம். கடைசியில் தலைமை இன்ஜினியர் 'இவளுக்கு வேலை தெரியும்' என்று கையெழுத்துப் போட்டால் லைசென்ஸுக்கு விண்ணப்பிக்கலாம். அந்த ஒரு கையெழுத்துக்காகத்தான் நான் அத்தனை வருஷமும் அங்கே கிடந்தேன்.

முதல் வருஷம் துடைக்கக் கற்றுக்கொண்டேன். இரண்டாம் வருஷம் இன்னும் நன்றாகத் துடைக்கக் கற்றுக்கொண்டேன். அதற்குப் பிறகுதான் ஸ்பானர் கைக்கு வந்தது. அதற்குள் தேர்வுகளை எல்லாம் எழுதி முடித்திருந்தேன். தலைமை இன்ஜினியரை நாங்கள் சார் என்போம். எதைக் கேட்டாலும் "புக்குல என்னா போட்டிருக்கு?" என்று திருப்பிக் கேட்பார். முதலாளி வரும் நாட்களில் மட்டும் அந்த புக் எங்கே போகும் என்று யாருக்கும் தெரியாது.

முதலாளிக்குச் சொந்தமாக நான்கு பேர் உட்காரும் சின்ன விமானம் ஒன்று இருந்தது. அதைத் தானே ஓட்டுவார். முதலாளியம்மா பாதி வருஷம் பிரான்சிலும் பாதி வருஷம் இங்கேயும் இருப்பவர். விமானத்தை அவர் 'அவியோன்' என்றுதான் சொல்வார். பிரெஞ்சில் பெயர் வைத்தாலும் பொட்டு நம் ஊர்ப் பொட்டுதானே. ஆயுத பூஜை அன்று சாயங்காலம் வெள்ளிக் கிண்ணத்தில் சந்தனத்தைக் கரைத்து எடுத்துக்கொண்டு வந்தார். சுத்தியலுக்குப் பொட்டு, ஏணிக்குப் பொட்டு, தீயணைக்கும் சிலிண்டருக்குப் பொட்டு. நான் சுண்டல் மடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். படித்த படிப்புக்கு ஏற்ற வேலை.

மறுநாள் விஜயதசமி. காலையில் நல்ல நேரத்தில் முதலாளி விமானத்தைக் கிளப்பி, ஊரை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு இறங்குவதாக ஏற்பாடு. முதலாளியம்மா ஆரத்தித் தட்டோடு கீழே நிற்பார். அதற்குமுன் விமானத்தைத் துடைக்கப் போனவள் நான். இடது பக்கத்தில் ஒரு பொட்டைப் பார்த்ததும் என் கை அப்படியே நின்றுவிட்டது.

அந்த இடத்தில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்குப் பளபளவென்று ஒரு வட்டத் தகடு உண்டு. அதில் ஒரு சின்னத் துளை. வெளிக்காற்று அதன் வழியாக உள்ளே போனால்தான், எவ்வளவு உயரத்தில் பறக்கிறோம் என்று கருவி காட்டும். துளை அடைத்துக்கொண்டால் விமானம் எவ்வளவு மேலே ஏறினாலும் முள் மட்டும் தரையில்தான் இருக்கிறோம் என்று அடம்பிடிக்கும். வேகத்தையும் தப்பாகக் காட்டும். தகட்டைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டு, 'அடைக்காதே' என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கும். பாவம், முதலாளியம்மாவைக் குற்றம் சொல்ல முடியாது. பொட்டு வைக்க அளவெடுத்துச் செய்த இடம் மாதிரிதான் இருக்கும். வட்டத்தைவிட்டுத் துளியும் வெளியே போகாமல் அழகாக வைத்திருந்தார்.

எங்கள் ஹேங்கரில் ஒரு வழக்கம் உண்டு. விமானத்தில் கோளாறு என்று தோன்றினால் கூட்டுகிறவர்கூடச் சிவப்பு அட்டையைக் கட்டிவிடலாம். கட்டினால் அது பறக்கக் கூடாது. அவிழ்க்க வேண்டுமானால் லைசென்ஸ் உள்ளவர் சரிபார்த்து, தன் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். நான் அட்டையைக் கட்டிவிட்டு, ஈரத்துணியால் பொட்டைத் துடைத்தேன். சரியாக அந்த நேரம் பார்த்து, முதலாளிக்கு முன்னால் முதலாளியம்மா தட்டோடு உள்ளே வந்தார்.

சுமங்கலி வைத்த பொட்டை, நல்ல நாளும் அதுவுமாக, அவர் கண்ணெதிரே ஒருத்தி அழிக்கிறாள். அவர் முகம் வெளுத்துப்போனது. சார் ஓடி வந்தார்.

"அதான் தொடச்சிட்ட இல்ல. அட்டைய எடு."

"உள்ள எறங்கிக் காஞ்சிருக்கும் சார். டெஸ்ட் பண்ணணும்."

"நேரம் போவுதும்மா. எடுன்றேன்."

"நான் எடுக்க முடியாது சார். லைசென்ஸ் இருக்கறவங்கதான் எடுக்கணும்."

லைசென்ஸ் இல்லாததால் என் வாழ்க்கையில் கிடைத்த ஒரே லாபம் அது. சார் பேனாவை எடுத்தார். மூடியைத் திறந்தார். முதலாளியைப் பார்த்தார், அட்டையைப் பார்த்தார். பிறகு பேனாவை மூடிப் பையில் வைத்துக்கொண்டு, சோதிக்கும் பம்ப்பை எடுத்துவரச் சொன்னார். பம்ப்பை மாட்டி இழுத்தோம். உயரம் காட்டும் முள் அசையவே இல்லை. தகட்டைக் கழற்றிப் பார்த்தால், துளைக்குப் பின்னால் சந்தனம் கட்டியாக உட்கார்ந்திருந்தது. சுத்தம் செய்து முடிப்பதற்குள் நல்ல நேரம் போய் ராகுகாலம் வந்துவிட்டது.

எனக்குப் பாராட்டு விழா நடந்திருக்கும் என்று நினைக்கிறீர்களா? 'பொட்டழிச்சவ' என்று பட்டம் கொடுத்தார்கள். சார் "மொதலாளி முன்னாடி மானத்த வாங்கிட்டியே" என்றார். கையெழுத்தைப் பற்றிக் கேட்டால் "பாக்கலாம்" என்றார். எனக்குப் பின்னால் சேர்ந்தவருக்குக் கையெழுத்தைப் போட்டுக் கொடுத்தார். நான் மறுபடியும் துடைக்க அனுப்பப்பட்டேன். அந்த வேலையில்தான் எனக்கு ஏற்கெனவே நல்ல அனுபவம் இருந்தது. அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லி அழுதேன். அவள் மீன் அரிந்த கையைக் கழுவிக்கொண்டே, "அது ஓடியிருந்தா அவரு செத்திருப்பாரா?" என்று மட்டும் கேட்டாள். செத்திருக்கலாம் என்றேன். கூடையை எடுத்து அலசப் போனாள்.

கொஞ்ச நாள் கழித்து ஒரு காலையில் சார் தானாகவே கூப்பிட்டுக் கையெழுத்துப் போட்டார். முகத்தை மட்டும் வேறு பக்கம் வைத்துக்கொண்டார். காரணம் கேட்க நான் என்ன முட்டாளா? வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். லைசென்ஸும் கைக்கு வந்தது.

அடுத்த ஆயுத பூஜைக்கு முதலாளியம்மா அதே கிண்ணத்தோடு வந்து, நேராக என்னிடம் நின்றார்.

"எங்க வைக்கட்டும்மா?"

"மூக்குல வைங்கம்மா. பக்கவாட்டுல மட்டும் வேணாம்."

வைத்துவிட்டு வந்தவர், விரலைத் துடைத்தபடி சொன்னார்: "உங்கம்மாகிட்டதான் நான் மீன் வாங்கறேன், தெரியுமா? போன வருஷம் வாசல்ல கூடைய எறக்கி வச்சாங்க. அன்னிக்கு வெலையே சொல்லல. 'எம் பொட்டு கடல்ல போச்சும்மா. உன்னுது ஆகாசத்துல போவாம எம் பொண்ணு பாத்துக்கினா. அதுக்காடி அவளுக்குக் கையெழுத்து இல்லன்றீங்க'ன்னு கேட்டாங்க."

முதலாளியம்மாவை 'அடி' போட்டுக் கேட்டிருக்கிறாள். வீட்டுக்குப் போய் உண்மையா என்றேன்.

"வஞ்சரம் மீந்து போச்சு. அதான் பேச்சு குடுத்தேன்" என்றாள் அம்மா. என் நெற்றியைப் பார்த்தாள், பார்வையை எடுக்கவே இல்லை. முதலாளியம்மா எனக்கும் ஒரு பொட்டு வைத்து அனுப்பியிருந்தார்.