குளிர்த்திக்கு மறுநாள்

கண்ணகி அம்மன் சடங்குக்குக் கோயிற் கதவு திறந்துவிட்டால், அவளைக் குளிர்விக்கும் குளிர்த்தி பாடிக் கதவு சாத்தும்வரை குழந்தையின் உடம்பில் ஊசி படக்கூடாது என்பது எங்கள் வீட்டாரின் நம்பிக்கை. நோயைத் தருபவளும் ஆற்றுபவளும் அவளே. அவள் ஊருக்குள் இருக்கும்போது நாம் முந்திக்கொள்ளலாமா என்று அம்மா கேட்பார். அந்த வீட்டிலிருந்துதான் நான் தடுப்பூசி போடும் மருத்துவமாதுவாக வேலைக்குப் போனேன். என் சங்கடத்தை நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள்.

நேற்று ஆரையம்பதியில் மீன் வியாபாரி ஒருவர் மோட்டார் சைக்கிளில் கட்டியிருந்த நீலப் பெட்டியைத் திறந்தார். முகத்தில் மோதிய பனிக்கட்டிக் குளிர் இவற்றையெல்லாம் கிளறிவிட்டது. அதே நிறப் பெட்டியில் மருந்தை வைத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, மாதம் ஒருமுறை வாவியைக் கடந்து படுவான்கரைக்குப் போவேன். பாலம் வராத காலம். மிதவை எப்போது புறப்படும் என்பது அதை ஓட்டுபவருக்கே தெரியாது. பெட்டிக்குள் பனிக்கட்டி உருகிக்கொண்டிருக்க, நான் புத்தகம் வாசிப்பதாகப் பாவனை செய்வேன். பொறுமைசாலி என்ற பெயர் எனக்கு அப்படி வந்ததுதான்.

ஒரு வைகாசியில், முந்திய ஆண்டைப் போலவே கிளினிக் நாள் சடங்கின் நடுவில் விழுந்தது. கோயிலில் பூசை செய்யும் கட்டாடியாரிடம் சண்டைக்கு ஆயத்தமாகவே போனேன். அவர் சிரித்தார்.

"ஊசி போடாதீங்க எண்டு நான் எப்ப புள்ள சொன்னன்? குளிர்த்திக்கு அடுத்த நாள் வா. கோயில் மைக்கிலயே சொல்லிவிடுறன். வராத ஆள நானே போய்க் கூட்டித்தாறன்."

நான்கு நாள் தள்ளினால் போதும். வெறும் நான்கு நாள்! காரியாலயத்தில் பொறுப்பாக இருந்தவர் நாட்காட்டியைக் காட்டினார்.

"மேல இருந்து வந்த திகதி மிஸ்ஸி. அம்மாளுக்காக மாத்தேலாது."

அதற்குப் பதிலாக, மக்களின் அறியாமையைப் போக்கவென்று ஒரு கட்டுச் சுவரொட்டி தந்தார். கம்பளித் தொப்பி அணிந்த கொழுத்த குழந்தை ஒன்று அதில் சிரித்தது. எங்கள் வெக்கையில் கம்பளித் தொப்பி! வாதாடாமல் வாங்கிக்கொண்டு வந்தேனே என்ற எரிச்சல் இன்றும் அடங்கவில்லை.

குறித்த நாளில் ஆளில்லாத கிளினிக் கொட்டிலில் உட்கார்ந்திருந்தேன். பாக்கியம் என்ற தாயின் ஒன்பது மாத மகளுக்குச் சின்னமுத்து என்னும் தட்டம்மைக்கான தடுப்பூசி போட வேண்டியிருந்தது. "குளிர்த்தி முடியட்டும் மிஸ்ஸி, நானே கொண்டுவாறன்" என்று அவள் சொல்லியிருந்தாள். படிவத்தில் அதற்கு இடமில்லை. "மறுத்தார்" என்று எழுதினேன்.

மறுத்தவளாம்! குளிர்த்திக்கு மறுநாளே கூலி வேலையை விட்டு, மிதவையேறி, பஸ்ஸேறி, பிள்ளையோடு நகரத்துக் கிளினிக்குக்குப் போயிருக்கிறாள். உங்கள் பதிவு இங்கில்லை, உங்கள் ஊரில் அடுத்த மாதம் போடுங்கள் என்று திருப்பிவிட்டார்கள். வழியில் என்னைக் கண்டதும் பிடித்துக்கொண்டாள்.

"அம்மாள் கதவு திறந்து, குளிர்த்தியும் முடிஞ்சு போயிட்டா. உங்கட ஆக்கள்ற கதவு எப்ப மிஸ்ஸி திறக்கும்?"

என்னிடம் சுவரொட்டிகள்தான் இருந்தன.

அடுத்த கிளினிக்குக்கு முன்பே சின்னமுத்து வந்தது. பிள்ளை பிழைத்தது. காதில் சீழ் பிடித்து இடது செவி போயிற்று.

இப்போது மிதவை இல்லை. சின்னமுத்துக் கண்ட பிள்ளையை இளம் மருத்துவமாதுகள் படத்தில்தான் பார்த்திருக்கிறார்கள். திகதியை மாற்றிக்கொள்ளலாம் என்ற கடிதமும் ஒருவழியாக வந்தது. கோயில் மைக்கில் அதைச் சொல்லக் கட்டாடியார் உயிரோடு இருக்கவில்லை. பாக்கியமும் போய்விட்டாள்.

மகள் இருக்கிறாள். தன் குழந்தையை நாள் தவறாமல் ஊசிக்குக் கொண்டுபோகிறாள். வழியில் கண்டால், அவளுடைய வலப்பக்கமாகப் போய் நின்று பேசுவேன்.