பட்டி ரெடி

தம்பானூரில் ஒரு லாட்ஜ் ஆபீஸில் எனக்கு வேலை. இந்த லாட்ஜுக்கும் கல்லாற்றில் உள்ள விடுதிக்கும் வாராவாரம் யார் யாருக்கு எந்த டூட்டி என்று அட்டவணை போடுவது நான்தான். புதிதாக வந்த மேனேஜர், அது இனி எக்செல் மேக்ரோவில் தானாக வரவேண்டும் என்றார். முடியாவிட்டால் வேறு ஆள் வருவார், நான் கல்லாற்று ரிசப்ஷனுக்குப் போகலாம். அங்கிருந்து மகள் தூங்கிய பிறகுதான் வீடு வந்து சேர முடியும்.

மேக்ரோவில் எனக்கு அரிச்சுவடிகூடத் தெரியாது. மலையாள வீடியோ பார்த்துப் படித்தேன். ரெக்கார்ட் பொத்தானை அமுக்கினால் நாம் செய்வதையெல்லாம் அது அப்படியே திருப்பிச் செய்யும். தெரியாமல் ஒரு வரியை அழித்துவிட்டுத் திரும்ப அடித்திருந்தேன். அதையும் ஒவ்வொரு முறையும் பயபக்தியோடு செய்தது. நானே எழுதிப் பார்த்தபோது, ஓர் எழுத்து பிசகினாலும் அந்த வரிக்கு மஞ்சள் பூசிவிட்டு நின்றது.

ஒருவழியாக ஓடியது. வேலை முடிந்ததும் திரையில் ஒரு சேதி வரட்டும் என்று நினைத்தேன். அப்பா நாகர்கோவில் காய்கறி மண்டியில் கணக்கெழுதியவர். அங்கே விற்பனைச் சீட்டுக்குப் பட்டி என்று பெயர். எனக்கு எந்த அட்டவணையும் பட்டிதான். ஆங்கில எழுத்தில் ‘பட்டி ரெடி’ என்று அடித்து வைத்தேன்.

திங்கட்கிழமை எல்லாரும் சுற்றி நிற்க, மேனேஜர் பொத்தானை அமுக்கினார். டூட்டி பிசகில்லாமல் வந்தது. கடைசியில் என் சேதியும் வந்தது.

“சேச்சி, எவிடே பட்டி?” என்று மேஜைக்கடியில் குனிந்து பார்த்தார்.

மலையாளத்தில் பட்டி என்றால் நாய். இத்தனை வருஷம் இங்கே இருந்தும், கணக்கு என்று உட்கார்ந்தால் மூளை நாகர்கோவிலுக்குப் போய்விடுகிறது. ஆபீஸே சிரித்தது. மானம் போயிற்று. மாற்றிவிடுகிறேன் என்றேன்.

“வேண்டா, கிடக்கட்டே” என்றார். கல்லாறு பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

பிறகு ஒருநாள் மகளுக்குக் காய்ச்சல் என்று லீவில் இருந்தேன். மேனேஜர் போன் செய்தார். ஸ்பீக்கரில் போட்டேன். “சேச்சி, பட்டி ஓடுந்நில்லல்லோ!”

மஞ்சள் வரியை வாசிக்கச் சொன்னேன். புது ஆளின் பெயரைச் சேர்த்தவர்கள் அவருடைய ஷிப்டைப் போடாமல் விட்டிருந்தார்கள். போடச் சொன்னேன், ஓடியது.

“சேச்சி கல்லாறிலொந்நும் போகண்டா, கேட்டோ” என்றார்.

பக்கத்தில் படுத்திருந்த மகள் கண்ணைத் திறந்தாள். “அம்மா, நாம பட்டி வளக்கோமா?”

“ஆமா மக்ளே. அதுதான் அம்மைய கல்லாறுக்கு விடாமப் பிடிச்சு வச்சிருக்கு.”