யாரும் வாங்க வராத வெள்ளைச் சட்டை

எங்கள் அண்ணன் மறைந்து ஓராண்டு நிறைகிற இந்நாளில் வீடு தேடி வந்திருக்கும் சொந்தங்களுக்கும் சிநேகிதர்களுக்கும் வணக்கம். எனக்கு எழுத்துக் கூட்டித்தான் எழுத வரும். மெதுவாக எழுதினேன், யாரையும் திருத்த விடவில்லை. அண்ணனை அந்தச் சட்டை கொண்டுபோய்விட்டது என்று உங்களில் பலர் பேசுகிறீர்கள். அந்தப் பேச்சினால் எங்கள் வீட்டிலேயே அவர் கடையை மூடப் பார்த்தார்கள். அதனால் நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

அண்ணன் தோவாளைப் பக்கம் பிறந்தவர். அப்பா காலமானபோது அவருக்கு மீசைகூட முளைக்கவில்லை. அப்பன் இல்லாத வீடு தலையெடுக்காது என்றார்கள் ஊரில். "யாரு சொன்னா?" என்று கேட்டுவிட்டு பஸ் ஏறியவர், மலையாள நாட்டுத் தம்பானூரில் ஒரு இஸ்திரிக் கடையில் சிரட்டைக் கரி ஊதும் வேலைக்குச் சேர்ந்தார். பிறகு லாட்ஜுகளுக்குப் பின்னால் சொந்தமாக மேசை போட்டார். நான் தாலியை இழந்து வந்து நின்றபோது, "துணி மடிக்கத் தெரியும்லா? அப்ப அழாத" என்று சொல்லி என்னையும் மேசைக்கு அந்தப் பக்கம் நிறுத்திக்கொண்டார்.

ஒருநாள் காலை, லாட்ஜில் தங்கியிருந்த ஒருவர் முழுக்கை வெள்ளைச் சட்டை ஒன்றைக் கொடுத்து, சாயங்காலம் வருவதாகச் சொல்லிப் போனார். மத்தியானமே அவர் அறையில் இறந்து கிடந்தார். உறவுக்காரர்கள் வந்து உடலைக் கொண்டுபோனார்கள். சட்டையை மட்டும் தொட மாட்டோம் என்றார்கள்.

லாட்ஜ் மேனேஜர் ஓடி வந்தார். "அண்ணாச்சி, மரிச்ச ஆளிட சட்டை கடையில வேண்டா. கொண்டுபோய் கடல்ல எறி."

"அவரு வாறேன்னு சொன்னாரு. வராதது அவரு காரியம். தேய்ச்சு வைக்கது நம்ம காரியம்" என்ற அண்ணன், சட்டையைத் தேய்த்து மேசைக்குப் பின்னால் ஆணியில் மாட்டினார்.

மறுநாள் கடை திறந்தபோது அந்தச் சட்டையின் இரண்டு முழங்கையிலும் சுருக்கம் இருந்தது. யாரோ அரை நாள் போட்டுக் கழற்றியதுபோல. நான் கையை உள்ளே விட்டுப் பார்த்தேன். சூடாக இருந்தது.

"பெட்டிச் சூடு தெரியாதாட்டி உனக்கு?" என்று அண்ணன் சிரித்தார். இஸ்திரிப் பெட்டியில் அன்று இன்னும் கரியே போடவில்லை. அது அவருக்கும் நினைவு வந்திருக்க வேண்டும். சிரிப்பை நிறுத்திக்கொண்டு சட்டையை எடுத்துத் தேய்த்தார். அன்றிலிருந்து தினமும் முதல் துணி அதுதான். தினமும் சுருக்கம் இருந்தது.

பேச்சு பரவி ஆட்கள் குறைந்தார்கள். அந்த நேரம் பார்த்து ஸ்ரீவராகத்துத் தெரு வீடு ஒன்றிலிருந்து வந்த கல்யாணப் பட்டுப்புடவை ஒன்று பெட்டியின் அடியில் கருகிவிட்டது. மதினி அழுதார்கள். "இப்பவாவது அந்தச் சனியன எரிச்சிருங்க" என்றார்கள். அண்ணன் புதுப் புடவை ஒன்றும் கருகின புடவையும் எடுத்துக்கொண்டு நடந்தார். நானும் கூடப் போனேன்.

அந்த வீட்டு மாமி நல்லவர். "உங்க கடையில ஏதோ இருக்காமே, ஊரே சொல்றது. நீ என்னப்பா பண்ணுவே? உம்மேல தப்பில்லே" என்றார்.

தலையாட்டியிருந்தால் போதும். அண்ணன் ஆட்டவில்லை. "இல்ல மாமி. பெட்டி என் கையில இருந்துது. சூடு பாக்காம வச்சது நான். அந்தச் சட்டைக்குள்ள கை ஒண்ணும் கெடையாது" என்றார்.

மாமி சிரித்துவிட்டார். அதன்பின் அந்தத் தெருவே எங்களுக்குத் துணி கொடுத்தது. பட்டுக்கு மேலே ஈரத் துணி விரித்துத் தேய்க்கும் வழக்கத்தை அண்ணன் அன்று தொடங்கினார். லாட்ஜ் விரிப்புகள், கழக்கூட்டம் ஊர்க் கம்ப்யூட்டர் கம்பெனிப் பிள்ளைகளின் ஆபீஸ் உடுப்புகள் என்று வேலை பெருகிக் கடை வளர்ந்தது. "ராசி வந்துட்டு" என்று சொன்னவர்களிடமும் அவர் கோபப்பட்டார். "நான் நின்ன கால் வலி ராசிக்குத் தெரியுமா?" என்பார்.

அண்ணன் நெஞ்சு அடைத்துப் படுத்தபோது எல்லாரும் சட்டையைத்தான் சொன்னார்கள். ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்து, "ஏட்டி, பீடி குடிச்சது நான். டாக்டர் சொல்லியும் கேக்காதது நான். சட்டை மேல பழி போட விட்டுராத" என்றார். கடைசியாகப் பேசியது அதுதான்.

பதினாறாம் நாள் அண்ணன் மகன் சொன்னான்: "அத்தே, கடையை விட்ருவோம். அந்தச் சட்டையும் வேண்டாம்." நான் ஒத்துக்கொள்ளவில்லை. அண்ணன் கடைசியாகப் போட்டிருந்த சட்டையைத் துவைத்துத் தேய்த்து, அந்த வெள்ளைச் சட்டைக்குப் பக்கத்து ஆணியில் மாட்டினேன். மறுநாள் காலையில் அவனையும் கூட்டிக்கொண்டு போய்க் கடையைத் திறந்தேன்.

வெள்ளைச் சட்டை, தேய்த்தது தேய்த்தபடி இருந்தது. அன்று முதல் அதில் ஒரு சுருக்கமும் இல்லை. அண்ணன் சட்டையின் முழங்கைகள் சுருங்கியிருந்தன. ஈரக்காற்று என்று சொல்லிக்கொண்டே அவன் கையை உள்ளே விட்டான். உடனே எடுக்கவில்லை. மற்றக் கையால் இஸ்திரிப் பெட்டியைத் தொட்டுப் பார்த்தான், அது சில்லென்றிருந்தது.

பிறகு, "அத்தே, கரி எங்க இருக்கு?" என்று கேட்டான்.

அண்ணனை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடிய ஆட்டோக்காரத் தம்பிகளுக்கும், மதினிக்குத் துணையிருந்த பக்கத்து வீட்டாருக்கும், கஞ்சி கொண்டுவந்த ஸ்ரீவராகத்து மாமி வீட்டாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. கடை திறந்துதான் இருக்கிறது. கொடுத்த துணியை வந்து வாங்கிக்கொள்ளுங்கள். வர முடியாமல் போனாலும் கவலை வேண்டாம், தேய்த்து வைத்திருப்போம்.