கோழிப் பண்ணைக்காரரிடம் தங்கமீனைக் காட்டினேன்

காலையில் தீனி போடும்போதுதான் பார்த்தேன். எங்கள் இரண்டு தங்கமீன்களில் ஒன்றுக்குச் செவுள்மேல் வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள்.

என் வீட்டுக்காரர் நாமக்கல்லில் முட்டைக்கோழிப் பண்ணை சூப்பர்வைசர். எட்டிப் பார்த்தவர் யோசிக்கவே இல்லை.

“அம்மை போட்டிருக்குது. கோழிக்கும் இப்படித்தான் வரும். மொதல்ல இன்னொன்னப் பிரிச்சு வை.”

“ஏனுங்க, மீனுக்கு எங்கீங்க அம்மை வரும்?”

“பதினஞ்சு வருசமா இதத்தான பாத்துட்டிருக்கறேன்” என்றவர், புள்ளி இல்லாத மீனைப் பிடித்துப் பக்கெட்டில் விட்டுவிட்டு வேலைக்குக் கிளம்பிவிட்டார்.

மனசு கேட்கவில்லை. போட்டோ எடுத்துக்கொண்டு மீன் கடைக்கு ஓடினேன். கடைக்காரர் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“நோவெல்லாம் இல்லீங்கக்கா. நோவுன்னா ஒடம்பு பூரா உப்புத் தூவுன மாதிரி இருக்கும். இது ஆம்பள மீனுங்க. ஜோடி சேர்ற பருவத்துல செவுள்ல இப்படி வரும். கூடப் பொட்டை மீன் இருக்குதுங்களா?”

இருக்கிறது. பக்கெட்டில்.

வீட்டுக்காரருக்குப் போன் செய்து சொன்னேன். “முட்டை போட ஆம்பள எதுக்கு?” என்கிறார்.

அவர் பண்ணையில் அத்தனையும் பெட்டைக் கோழி. பேருக்குக்கூட ஒரு சேவல் கிடையாது. அவரிடம் போய் ஆண் மீனைக் காட்டினேன் பாருங்கள், என்னைத்தான் சொல்ல வேண்டும்.