மடக்கு ஸ்டூலில் முதலில் உட்கார்ந்தது யார்?

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். செஞ்சியிலேயே பிறந்தும் ராஜகிரி மலையை என்னால் நடுவில் உட்காராமல் ஏற முடியாது.

இன்று என் மகளுக்குச் சம்பந்தம் பேச வந்த திண்டிவனத்துக்காரர், "கோட்டையப் பாத்துட்டு, உச்சியில வச்சி முடிவு சொல்றேன்" என்றுவிட்டார்.

உடனே கடைத்தெருவுக்கு ஓடினேன். மூன்று கால் மடக்கு ஸ்டூல் ஆடியது. நாலு கால் கான்வாஸ் ஸ்டூலில் உட்கார்ந்து குதித்துப் பார்த்தேன்.

கடைக்காரர், "மெதுவாண்ணே. ஆனையே உக்காரலாம்" என்றார்.

"அதான் உக்காந்துட்டேனே, இன்னும் இன்னா?" என்றேன்.

பாதி மலையில் இருவருக்கும் மூச்சு வாங்கியது. ஸ்டூலை விரித்தேன். ஆனால் பெண் வீட்டுக்காரன் முதலில் உட்காரலாமா?

"நீங்க உக்காருங்க."

"இல்ல, நீங்க உக்காருங்க."

"பையன் வூட்டுக்காரரு நின்னா நல்லாவா இருக்குது?"

"பொண்ணு குடுக்கறவரு நிக்கலாமா? சும்மா உக்காருங்க சம்மந்தி."

சம்மந்தி என்றாரே! உச்சிக்குப் போகாமலேயே முடிவு வந்துவிட்டது. அங்கேயே கட்டிப்பிடித்துக்கொண்டோம்.

திரும்பினால் ஸ்டூலில் குரங்கு உட்கார்ந்திருந்தது.

ஸ்டூல் எப்படி என்று கேட்கப்போகிறவர்களுக்கு: நன்றாகத் தாங்குகிறது. மடக்குவதுதான் சிரமம் போலிருக்கிறது. குரங்கு விரித்தபடியே தூக்கிக்கொண்டு போனது.