குலசேகரம் பஸ்ஸில் பேசாமல் வந்தவர்

காலை எட்டரைக்கு நாகர்கோவில் வடசேரி நிலையத்திலிருந்து குலசேகரம் பஸ் கிளம்பியது. அங்கிருந்து திற்பரப்பு அருவிக்குப் போவது என் திட்டம். பெண்களுக்கு இலவசம் என்பதால் கண்டக்டர் சீட்டைக் கிழித்துக் கையில் திணித்துவிட்டுப் போனார். கோயம்புத்தூரிலிருந்து இரவு முழுக்க ரயிலில் வந்த அலுப்பு. ஆனாலும் என் வாய் சும்மா இருக்குமா? பக்கத்தில் யார் உட்கார்ந்தாலும் பேச்சுக் கொடுத்துவிடுவேன். இதற்காகவே என் கணவர் என்னோடு பயணம் வருவதை நிறுத்திவிட்டார். மனுஷன் வீட்டில் நிம்மதியாக இருக்கிறார்.

ஒன்பதே காலுக்குத் தக்கலை. ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தார். மடியில் துணி சுற்றிய தூக்குவாளி.

"எங்க போறீங்க?" என்றேன். முன்பக்கமாகத் தலையை ஆட்டினார்.

"வெயில் இப்பவே கொளுத்துதுங்க." சிரித்துவிட்டு வாளியின் துணியை இறுக்கினார்.

சரியான கர்வக்காரி என்று நினைத்துக்கொண்டேன். வேர்க்கிளம்பி தாண்டியதும் சாலையின் இருபுறமும் ரப்பர் தோட்டங்கள் தொடங்கின. வெயில் குறைந்து காற்று குளிர்ந்தது. நானும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

திருவட்டாறு கடந்தபின் அவரே கேட்டார். "நீங்க இந்த நாட்டுக்காரி இல்லியே?"

"கோயம்புத்தூருங்க."

"இங்க ஆரையும் தெரியாதுல்லா?"

"ஒருத்தரையும் தெரியாதுங்க."

பெருமூச்சு விட்டார். அதற்குப் பிறகுதான் பேச்சு வந்தது.

"எனக்க மவ ஆன்சி இந்தப் பக்கம்தான் இருக்கா. வீட்டுல சொல்லாம அவளாட்டு கெட்டிட்டு வந்தவ. நாங்க இனயம், மீன் பிடிக்கிற கடப்பொறத்துக்காரங்க. மாப்பிள வீடு ரப்பர் தோட்டக்காரங்க, வேற ஆளுவ. ரெண்டு வருசமாச்சு. எங்க வீட்டுக்காரரு அவளுக்க நம்பரையே அழிச்சிட்டாரு."

"இப்ப அவ வீட்டுக்குத்தான் போறீங்களா?"

"வீடு தெரியாது. ஸ்டாப்பு மட்டும்தான் தெரியும். முன்ன ரெண்டு தடவ வந்து எறங்கினேன். சாயா குடிச்சிட்டு அடுத்த பஸ்ல திரும்பிட்டேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "யார்கிட்டயாவது வழி கேட்டிருக்கலாமே?"

"பயம்தான், பேடிதான் மக்களே. வாயத் தொறந்தா கடப்பொறத்துக்காரிண்ணு தெரிஞ்சிரும். அவ உங்களுக்கு ஆருண்ணு கேப்பாவ. மவண்ணு சொன்னா, எந்த மாதா கோயிலு, அப்பன் ஏன் வரல்லண்ணு கேப்பாவ. நான் பஸ் ஏறிப் போயிருவேன். நாளைக்கும் அந்த ஊருல தல நிமிந்து நடக்கண்டியது அவல்லா? ஒருவேள அவளே என்னய வராதண்ணு சொல்லிட்டாலோ..."

முந்தானையால் கண்ணைத் துடைத்தார். இவரைப் போய்க் கர்வக்காரி என்று நினைத்தேனே!

பத்து மணிக்கு அந்த ஜங்ஷனில் அவரோடு நானும் இறங்கினேன். அருவி எங்கே ஓடிப்போகிறது?

சாயாக்கடைக்காரரிடம், "ஆன்சின்னு ஒரு பொண்ணுங்க, ரப்பர் தோட்டக்காரங்க வீட்டு மருமக. வீடு எங்கீங்க?" என்று விசாரித்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் நின்ற அம்மாவைத்தான் பார்த்தார்.

"இவிய முன்னயும் வந்திருக்காவ," என்றார். "ஓரமா நிண்ணு சாயா குடிச்சிட்டு, கண்ணத் தொடச்சிட்டுப் போனாவ. நாமளாப் போய்க் கேட்டா என்ன நெனப்பாவளோண்ணு நான் கேக்கல்ல."

பிறகு கடையின் பின்பக்கம் திரும்பி, "ஏட்டி ஆன்சி! ஒன்னத் தேடி ஆளு வந்திருக்கு!" என்று குரல் கொடுத்தார்.

கடவுளே! கூப்பிடு தூரம். இந்த இடத்தில் நின்றுதான் இந்த அம்மா இரண்டு தடவை அழுதுவிட்டுத் திரும்பியிருக்கிறார்.

நைட்டிமேல் துண்டைப் போட்டுக்கொண்டு ஒரு பெண் சந்து வழியே வந்தாள். பாதியில் அப்படியே நின்றுவிட்டாள். அம்மா தூக்குவாளியை நீட்டினார். மகள் கை நீட்டவில்லை.

"ஏம்மா இத்தன நாளு வரல்ல?"

கேட்டவள் ஓடி வந்து அம்மாவின் தோளில் விழுந்து அழுதாள். வாளி சாய்ந்து குழம்பு சேலையில் வழிந்தது. "சாள மீன் புளிமுளம்டி, கொட்டிரும், கொட்டிரும்," என்று சொல்லிக்கொண்டே அம்மாவும் அழுதார். பிடியை மட்டும் விடவில்லை.

அழுது ஓய்ந்தபின்தான் மகள் என்னைக் கவனித்தாள். "இவங்க ஆரும்மா?"

"நமக்கு வேண்டப்பட்டவங்க மக்களே," என்றார் அம்மா.

நான் அவர் பெயரைக்கூடக் கேட்டிருக்கவில்லை. அடுத்த பஸ் வந்ததும் ஏறிவிட்டேன்.

நண்பகலில் திற்பரப்பு. தண்ணீர் நன்றாகவே விழுந்துகொண்டிருந்தது, கூட்டமும் அதற்கேற்ப. எனக்குக் குளிக்கத் தோன்றவில்லை. பாறையில் உட்கார்ந்து எங்கள் அடுக்குமாடி வீட்டின் லிஃப்டை நினைத்துக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டுப் பெண்ணுக்குச் சில நாட்களாகக் கண் சிவந்திருக்கிறது. பஸ்ஸில் இத்தனை பேசும் நான், அவளோடு நிற்கும்போது மட்டும் மாடி எண்களையே பார்த்துக்கொண்டு ஏறுகிறேன். அவளும் அப்படித்தான். ஏன் என்று யோசித்தபோது கைப்பேசியில் தட்டிய வரிகள் இவை:

கேட்டால் சொல்ல வேண்டும்.
சொன்னால் அழ வேண்டும்.
அழுது முடிப்பதற்குள்
யாராவது ஒருவர்
இறங்கும் இடம் வந்துவிடும்.
அதனால்தான்
ஆளுக்கொரு பக்கம்
பார்த்துக்கொண்டே வருகிறோம்.