மலையம்மாளின் வாயும் மஞ்சள் சட்டையும்

காரைக்குடிச் சந்தையில் கத்தரிக்காய் விற்கிற மலையம்மாளுக்கு மைக் தேவைப்பட்டதே இல்லை. பக்கத்துக் கடைக்காரர்கள் எல்லாம் பேட்டரி ஸ்பீக்கர் வாங்கி, அதைக் கத்தவிட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். மலையம்மாள் ஒரு தடவை வாயைத் திறந்தால் அத்தனை ஸ்பீக்கரும் இருக்கிற இடம் தெரியாமல் போய்விடும். இது கூட்டிச் சொன்ன கதையில்லை. சந்தைக்குப் போனவர்களைக் கேட்டுக்கொள்ளலாம்.

அந்த வாய் சந்தையோடு நின்றிருந்தால் அவளைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. அரியக்குடிக்கு அந்தப் பக்கம் இருக்கிற கருவேலேந்தல்தான் அவள் வாழ்க்கைப்பட்ட ஊர். அந்த ஊருக்கு ஒரு கபடி அணி உண்டு. சிவப்புச் சட்டை. வைகாசி மாதம் கண்மாய்க்கரை மைதானத்தில் போட்டி நடக்கும்போது ஊர்ச் சனம் முழுக்கச் சிவப்பில் வந்து உட்காரும். முன்வரிசையில், கோட்டுக்கு மிக அருகில், கால்களை நீட்டிப் போட்டு மலையம்மாள் உட்கார்ந்திருப்பாள். அவள் சொந்தத் தம்பிமார் யாரும் அந்த அணியில் இல்லை, பிள்ளையும் இல்லை. இருந்தாலும் ஏழு பேருடன் எட்டாவது ஆளாக ஆடுவது அவள்தான் என்று வெளியூர் அணிகள் புலம்பும்.

கபடியில் பாடி வருகிறவன் மூச்சு விடாமல் பாட வேண்டும். பாட்டு அறுந்தால் ஆள் அவுட். மலையம்மாள் குறி வைப்பது அந்தப் பாட்டைத்தான். கோடு தாண்டி ஒருவன் குனிந்து வந்தால், "எதுக்குய்யா இப்பிடிப் பம்முற? சந்தையில சொத்தைக் கத்திரிக்கா பொறுக்க வந்தியா?" என்பாள். திரும்பி ஓடப் பார்த்தால், "வந்த வழி மறந்துபோச்சா ராசா? ஆள் விட்டு அனுப்பவா?" என்பாள். கெட்ட வார்த்தை ஒன்றுகூட இருக்காது. ஆனாலும் எப்பேர்ப்பட்ட வீரனும் ஒரு கணம் சிரித்துவிடுவான். சிரித்தால் பாட்டு எங்கே நிற்கும்? கருவேலேந்தல் பையன்கள் அவனை அமுக்கிவிடுவார்கள்.

பரம எதிரி என்றால் ஆவாரம்பட்டிதான். அவர்கள் சட்டை மஞ்சள். அதனால் கருவேலேந்தல்காரர்கள் உட்காரும் பக்கத்தில் மஞ்சள் நிறத்துக்கே இடமில்லை என்று ஆகிப்போனது. ஒரு வருஷம், பாவம், குச்சி ஐஸ் விற்க வந்த மனிதர் தெரியாத்தனமாக மஞ்சள் சட்டையோடு வந்துவிட்டார். சட்டையை உள்புறம் வெளியே வருகிற மாதிரி திருப்பிப் போட்டுக்கொண்ட பிறகுதான் அவரை ஐஸ் விற்க விட்டார்கள். அந்தத் தீர்ப்பைச் சொன்னதும் மலையம்மாள்தான். ஊரே கைதட்டியது.

இப்படிப்பட்டவளுக்கு ஆண்டவன் என்ன செய்தான் தெரியுமா? மாப்பிள்ளையை ஆவாரம்பட்டியில் கொண்டுபோய் வைத்தான். வைத்ததுதான் வைத்தான், அந்த அணியில் முதலாவதாகப் பாடி வருகிற ஆதித்தனையே வைத்தான்.

பையன் காரைக்குடியில் டூவீலர் மெக்கானிக். குடி கிடையாது, வம்பு கிடையாது. மலையம்மாளின் ஒரே மகள் சத்தியப்பிரியாவைப் பெண் கேட்டு அவன் தாய் விசாலம் நேரிலேயே வந்தாள். வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணமும் இல்லை. தை மாதம் கல்யாணம் முடிந்தது.

சத்தியப்பிரியா அதிகம் பேசாத பெண். ஒரு வீட்டுக்கு ஒரு வாய் போதும் என்று அவள் சின்னதிலேயே முடிவு செய்துவிட்டாள் போலிருக்கிறது. அதனாலேயே மலையம்மாளுக்குப் பயம் வந்தது. 'தாயைப் போலப் பிள்ளை, நூலைப் போலச் சேலை' என்று யாராவது ஒரு சொல் சொல்லிவிட்டால்? தன் வாய்க்கு மகள் போய் அந்த வீட்டில் பேச்சு வாங்கினால்? ஊமைக் கோட்டான் மாதிரி நிற்கிற பிள்ளை, பதில் சொல்லக்கூடத் தெரியாதே! அன்றிலிருந்து ஆவாரம்பட்டிக்குப் போனால் மலையம்மாள் வேறு ஆள். தலையில் முந்தானை, குரல் பக்கத்தில் இருப்பவருக்கே கேட்காது. மாப்பிள்ளை வந்தால் எழுந்து நிற்பாள். "வாங்க மாப்பிள்ளை, சாப்புட்டீகளா?" என்பதற்கு மேல் நாலு மாதத்தில் அவனிடம் ஒன்றும் பேசியதில்லை.

அந்த வைகாசியில் இறுதி ஆட்டம் கருவேலேந்தலுக்கும் ஆவாரம்பட்டிக்கும் என்று ஆனது.

மைதானம் கொள்ளாத கூட்டம். எதிர்ப்பக்கம் மஞ்சள், இந்தப் பக்கம் சிவப்பு. எதிரில் விசாலம் உட்கார்ந்திருப்பதை மலையம்மாள் பார்த்துவிட்டாள். பார்த்ததும் நீட்டியிருந்த காலை மடக்கிக்கொண்டாள். அந்த நேரத்தில்தான் சிவப்புக் கூட்டத்துக்குள் சத்தியப்பிரியா வந்தாள். சுடிதாருக்கு மேல் மஞ்சள் ஜெர்சி. முதுகில் ஆதித்தன் என்று பெயர். நேராக வந்து தாயின் பக்கத்தில், சின்ன வயதிலிருந்து எந்த இடத்தில் உட்காருவாளோ அதே இடத்தில் உட்கார்ந்தாள்.

விசில் பறந்தது.

"மஞ்சளுக்கு அங்குட்டு எடம் இருக்கு! எந்திரிச்சுப் போ!"

"சட்டையக் கழட்டிட்டு ஒக்காரச் சொல்லுங்கடா!"

பின்னாலிருந்து ஒரு தண்ணீர் பாக்கெட் பறந்து வந்து சத்தியப்பிரியாவின் தோளில் பட்டு உடைந்தது. அவள் துடைத்துக்கொண்டாள், எழுந்திருக்கவில்லை.

மலையம்மாள் எழுந்தாள்.

"எவன்டா எறிஞ்சது?"

எறிந்தவன் அடுத்தவன் முதுகுக்குப் பின்னால் பதுங்கினான். துணிந்த ஒருவன் மட்டும், "நீதானே சித்தி சொன்ன, மஞ்சளுக்கு இங்குட்டு எடமில்லைன்னு? ஐஸ்காரருக்கு ஒரு நாயம், ஒன் மகளுக்கு ஒரு நாயமா?" என்றான்.

கேள்வி சரியான கேள்விதான். மலையம்மாள் அவன் பக்கம் திரும்பினாள்.

"அந்தச் சட்டம் போட்டது நான்தான். இப்ப நானே எடுத்துட்டேன், போ! எவ எந்தச் சட்டையப் போட்டா என்ன, இவ இந்த மண்ணுல பொறந்தவ. வாயி இருக்கா, வாயால விளையாடு. ரோசமிருந்தாக் கோட்டுக்குள்ள போய் விளையாடு. கையி நீண்டுச்சு, நாளைக்கு ஒன் ஆத்தா சந்தைக்கு வருவாள்ல, அவகிட்ட நான் பேசிக்கிறேன்."

சந்தைக்கு வராத ஆத்தா அந்த ஊரில் கிடையாது. கூட்டம் அடங்கியது. அதற்குப் பிறகு அந்த மைதானத்தில் இன்றுவரை யாரும் யார்மேலும் எதையும் எறிந்ததில்லை. பந்தோபஸ்துக்கு வந்த போலீஸ்காரரே, "இந்தம்மா இருந்தா நாங்க எதுக்கு?" என்று சொல்லிவிட்டு நிழலுக்குப் போய்விட்டார்.

ஆட்டம் தொடங்கியது. ஆவாரம்பட்டியின் மற்ற ஆட்கள் பாடி வந்தபோது மலையம்மாள் வழக்கம்போல வெளுத்து வாங்கினாள். ஆதித்தன் வந்தால் மட்டும் வாயில் பூட்டு விழுந்துவிடும். தலையில் முந்தானை ஏறும். பார்வை மண்ணுக்குப் போகும். அவனும் நோகாமல் வந்து, தொட்டு, புள்ளியை எடுத்துக்கொண்டு நடந்து போனான். ஒவ்வொரு தடவையும் எதிரில் இருக்கிற விசாலத்தின் முகத்தை மலையம்மாள் ஓரக்கண்ணால் பார்த்தாள். அந்த முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

பின்னால் முணுமுணுப்பு கிளம்பியது. "மாப்பிள்ளைக்கு மாமியா வீட்டு விருந்து நடக்குதப்பா!" அணித் தலைவன் முகேஷ் கோட்டுப் பக்கம் வந்து, "சித்தி, அவரு வந்தா மட்டும் ஒனக்குத் தொண்டை கட்டிக்கிருதே?" என்று பல்லைக் கடித்தான். மலையம்மாளுக்குச் சுருக்கென்று தைத்தது. மகளைக் காப்பாற்றினால் ஊரை விட்டுக்கொடுக்க வேண்டும். ஊருக்காக வாயைத் திறந்தால் மகள் போய் அந்த வீட்டில்தான் வாழ வேண்டும். ஊர் நாலு நாள் திட்டிவிட்டு மறந்துவிடும் என்று மனசைத் தேற்றிக்கொண்டு பேசாமல் இருந்தாள்.

இடைவேளையில் ஆதித்தன் மைதானத்தைக் குறுக்கே கடந்து வந்தான். மேலெல்லாம் மண். மலையம்மாள் அடித்துப் பிடித்து எழுந்து நின்றாள்.

"தண்ணி குடிக்கிறீகளா மாப்பிள்ளை?"

"தண்ணி கெடக்கட்டும் அத்தை. நான் வந்தா ஏன் வாயத் தொறக்க மாட்டேங்கிறீக?"

"அது... எப்பிடி மாப்பிள்ளை ஒங்களப் போயி..."

"அத்தை, இன்னைக்கு நாங்க ஜெயிச்சோம்னா, மாமியா பார்த்துப் போட்ட பிச்சைன்னு ஊரு பூராச் சொல்லுவாக. எனக்கு அது வேணாம். மத்தவுகளப் பேசுற மாதிரியே என்னையும் பேசுங்க. பேசலைன்னாத்தான் எனக்குக் கேவலம்."

அவன் போய்விட்டான். மலையம்மாள் மகளைப் பார்த்தாள். சத்தியப்பிரியா தோளைக் குலுக்கி, "அவுகளே சொல்லிட்டாக. அப்பறம் என்ன?" என்றாள். அந்த ஊமைப் பெண்ணின் உதட்டோரத்தில் ஒரு சிரிப்பு ஓடியதை, பயத்தில் இருந்த தாய் கவனிக்கவில்லை.

இரண்டாம் பாதியில் கருவேலேந்தல் விட்டதைப் பிடித்தது. கடைசிப் பாட்டு வரும்போது இரண்டு அணியும் சமம். பாடி வருகிறவன் ஆதித்தன். ஒருவனைத் தொட்டுத் திரும்பினால் கோப்பை அங்கே, பிடிபட்டால் இங்கே. மைக்கில் அறிவித்துக்கொண்டிருந்தவரே மைக்கை வைத்துவிட்டு எழுந்து நின்றார்.

"கபடிகபடிகபடி" என்று அவன் கோட்டைத் தாண்டினான். மலையம்மாள் முந்தானையை உதறி இடுப்பில் செருகினாள். மரியாதை ஒரு இம்மியும் குறையாமல் அந்த வாய் திறந்தது.

"வாங்க மாப்பிள்ளை, வாங்க! மாமியா ஊருக்கு வந்தவுக ஒக்காராமப் போனா எங்களுக்கு மரியாதையா? டேய் முகேசு, மாப்பிள்ளைக்குப் பாய விரிச்சு ஒக்கார வைங்கடா! எல போட்டாச்சு மாப்பிள்ளை, கைய நனைக்காமப் போகக் கூடாது!"

சிவப்புப் பக்கம் சிரிப்பில் அதிர்ந்தது. மஞ்சள் பக்கமும் சிரித்தது. ஆதித்தனின் கன்னம் உப்பியது, பாட்டு தடுமாறியது. இன்னும் ஒரு வார்த்தை போட்டால் மூச்சு அறுந்துவிடும். மலையம்மாள் அந்த ஒரு வார்த்தைக்காக மூச்சை இழுத்தாள்.

அதற்குள் அவள் காதுக்குப் பக்கத்திலேயே ஒரு குரல் வெடித்தது. சந்தை ஸ்பீக்கர்களை அடக்குகிற அதே குரல். ஆனால் இளசு, அதனால் இன்னும் கூர்மை.

"எலையும் வேணாம், பாயும் வேணாம்! மலையம்மா காவலு இருக்க வீட்டுலயிருந்து அவ மகளையே தூக்கிட்டுப் போனவுக! இந்தக் கப்பு என்ன, அதவிடக் கனமா?"

சத்தியப்பிரியா மஞ்சள் சட்டையோடு எழுந்து நின்று, கையை நீட்டிக் கத்திக்கொண்டிருந்தாள்.

முதலில் சிரித்தது முகேஷ். மூலையைக் காக்க வேண்டியவன் பல்லைக் காட்டிவிட்டான். அவனோடு கை கோத்து நின்றவன் குலுங்கிச் சிரித்துப் பிடியை விட்டான். பாட்டை விடாமல் பல்லைக் கடித்துக்கொண்டிருந்த ஆதித்தன் முகேஷின் முழங்காலைத் தட்டிவிட்டு, ஒரே தாவலில் கோட்டைத் தாண்டி மண்ணில் விழுந்தான்.

கோப்பை ஆவாரம்பட்டிக்கு.

மலையம்மாள் வாயைத் திறந்தபடியே நின்றாள். இருபது வருஷமாக இந்த மைதானத்தில் அவள் வாய்க்கு எதிர்வாய் கிடையாது. இப்போது கிடைத்துவிட்டது. கிடைத்த சந்தோஷத்தைவிட, அடுத்த கணமே வந்த பயம் பெரிதாக இருந்தது. மாமியார் பார்க்க, ஊர் பார்க்க, கல்யாணமாகி ஐந்து மாதம் ஆகாத பெண் இப்படிக் கத்தலாமா? எதிர்ப்பக்கத்திலிருந்து விசாலம் எழுந்து, கொண்டாடுகிற கூட்டத்தை விலக்கிக்கொண்டு இந்தப் பக்கமாக வந்துகொண்டிருந்தாள்.

"மதினி, கோவிச்சுக்கிராதீக," என்று மலையம்மாள் முந்திக்கொண்டாள். "சின்னப் பிள்ளை, அறியாமக் கத்திருச்சு. வீட்டுல வாயத் தொறக்கவே தொறக்காது."

விசாலம் இடுப்பில் கை வைத்துக்கொண்டு அவளைப் பார்த்தாள்.

"யாரு, இவளா? எங்க வீட்டுல இவ வச்சதுதான் சட்டம். மீன்காரன் எங்க தெருவுக்குள்ள வாரதுக்கே பயப்படுறான். நான் என்ன தெரியாமயா பொண்ணெடுத்தேன்? இந்த மைதானத்துல ஒங்க வாயக் கேட்டுக் கேட்டுத்தான் மதினி எடுத்தேன். வாயுள்ள பிள்ளை பொழைக்கும். நீங்க என்னமோ எங்க வீட்டுக்கு வந்தா மட்டும் குசுகுசுன்னு பேசிட்டுப் போறீக. ஒடம்புக்கு எதுவும் சொகமில்லையோன்னு நெனைச்சேன்."

மலையம்மாளுக்குச் சிரிப்பு வந்தது, கண்ணிலும் நீர் வந்தது. நாலு மாதமாக நெஞ்சில் சுமந்துகொண்டிருந்த பாரம் இறங்கிவிட்டது. சத்தியப்பிரியா அதற்குள் மைதானத்துக்குள் போய்விட்டாள். மஞ்சள் சட்டைக்காரர்கள் கோப்பையை அவள் கையில் கொடுத்திருந்தார்கள். அவள் அதைத் தூக்கிப் பிடித்துச் சிவப்புப் பக்கம் திரும்பி இன்னும் ஏதோ கத்தினாள். சிவப்புக்காரர்களும் பதிலுக்குக் கத்தினார்கள்.

முகேஷ் தலையிலிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டு வந்தான். அழாத குறை.

"தோத்துட்டோம் சித்தி. நீ என்னன்னா பல்லைக் காட்டிட்டு நிக்கிற."

மலையம்மாள் கண்ணைத் துடைத்தாள். மைதானம் முழுக்கக் கேட்கிற மாதிரி, தன் சொந்தக் குரலில் சொன்னாள்:

"யாருகிட்டடா தோத்தோம்? என் மககிட்டத்தானே!"